நிப்பிசிங்கா, கவார்த்தாவா? அப்பாவும் பிள்ளைகளுமாக ஆகஸ்டில் ஒரு வாரம்

வடக்குவாசல் (ஏப்ரல் 9)

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏதாவதோர் ஏரிக்கரையில் கொட்டேஜ் ஒன்றை எடுத்து, சனி தொடக்கம் சனி வரை தங்கி, மீன்பிடிப்பதும் படகோட்டுவதுமாக விடுமுறையைக் கழிக்க எண்ணியுள்ளோம். நானும் மனைவியும், 15, 11, 6 வயதுள்ள மூன்று பிள்ளைகளும், ஜூன் மாதம் ஊரிலிருந்து வரவிருக்கும் 71 வயதான என் அப்பாவுமாக ஆறு பேர். அப்பா தூண்டில் போட்டுக் கைபழகியவர்; எனக்கோ மீனைக் கடையில் வாங்கித்தான் பழக்கம்.

இரண்டு இடங்கள் கைவசம் உள்ளன. ஒன்று நிப்பிசிங் ஏரிக்கரையில். 14 அடி அலுமினியப் படகும் 9.9 குதிரைவலு மோட்டாரும் வாடகைக்குள் அடங்கும். மற்றது கவார்த்தா ஏரிகளில், வீட்டிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். படகுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பெரிய மீன் வேண்டுமென்றால் வடக்கே போ என்று வேலையிடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு வயதுக்காரியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது வீண் என்பது மனைவியின் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கரையோரக்காரன் (ஏப்ரல் 9)

தம்பி, தூரத்தை வைத்து ஏரியைத் தெரிவுசெய்யாதீர்கள். ஆழத்தையும் காற்றையும் பாருங்கள்.

நிப்பிசிங் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஏரி, ஆனால் அதன் சராசரி ஆழம் 4.5 மீற்றர்தான். மேற்குக் காற்று அத்தனை தூரத்தையும் தடையின்றிக் கடந்து வந்து, ஆழமில்லாத அந்த நீரில் அலைகளைக் குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்று முடியுமுன் மற்றது ஏறும்படியாகவும் எழுப்பிவிடும். காலை எட்டு மணிக்கு எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த நீர், பதினொரு மணிக்கு என் படகின் முன்முனையான அணியத்துக்கு மேலால் அடித்ததை நான் கண்டிருக்கிறேன். 1615-இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன், ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவை நோக்கிப் போனதும் இந்த ஏரியைக் கடந்து, பிரெஞ்சு ஆற்றில் இறங்கித்தான். அவருக்குப் பின் தோல் வணிகத்துக்காகக் கனூக்களில் வந்தவர்களும் அதே வழியில்தான் போனார்கள். காற்றுக்குப் பயந்து கரையில் காத்திருப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அதே ஆழமின்மைதான் அங்கே மீன் பெருகுவதற்கும் காரணம். வெயில் அடிவரை எட்டுகிறது, பாசியும் நீர்ச்செடியும் வளர்கின்றன, சின்ன மீன்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னப் பிக்கரலும் பைக்கும் பாஸும் வருகின்றன. (அமெரிக்கர்கள் வால்ஐ என்று சொல்லும் மீனைத்தான் நம் மாகாணத்தில் பிக்கரல் என்கிறோம், இரண்டும் ஒன்றே.) ஆகவே நான் நிப்பிசிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. உரிமையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் படகுத்துறை எந்தத் திசையைப் பார்க்கிறது? திறந்த ஏரியை மேற்கு முகமாகப் பார்க்கிறது என்றால் விட்டுவிடுங்கள். தீவுகளுக்குப் பின்னால், குடாவுக்குள் இருக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள்.

மூன்றுதுடுப்பு (ஏப்ரல் 10)

மோட்டார் எதற்கு என்பதுதான் என் கேள்வி. 1893-இல் உருவான அல்கொன்குயின் பூங்கா கிட்டத்தட்ட அதே திசையில்தான் இருக்கிறது. அங்கே பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கு அனுமதியில்லை. அனுமதி உள்ள சிலவற்றிலும் குதிரைவலுவுக்கு வரம்பு உண்டு. அதனால் இரவில் லூன் பறவை கூப்பிடுவது ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கேட்கும். நாம் ஒரு டொலர் நாணயத்தில் மட்டுமே காணும் அந்தப் பறவை, கனூவிலிருந்து பத்து மீற்றர் தொலைவில் மூழ்கி எங்கே எழும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். தொலைபேசியைக் கேட்கவே மாட்டார்கள்.

கரையோரக்காரன் (ஏப்ரல் 10)

மூன்றுதுடுப்பு சொல்வதில் லூன் பறவை உண்மை, மீனைப் பற்றி மட்டும் அவர் வாய்திறக்கவில்லை. அல்கொன்குயின் ஏரிகள் ட்ரௌட் மீனுக்குப் பெயர் பெற்றவை. ட்ரௌட் குளிர்ந்த நீரை விரும்பும். ஆழமான ஏரியொன்று கோடையில் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது: மேலே வெயிலில் சூடான இலேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர், நடுவே சில மீற்றருக்குள் வெப்பம் சடாரென்று விழும் மெல்லிய படலம். குளிப்பவர்கள் கால்விரலை நீட்டினால் அந்தக் குளிர் சில இடங்களில் தட்டுப்படும். ஆகஸ்டில் லேக் ட்ரௌட் அந்தப் படலத்துக்குக் கீழே போய்விடும். பத்து, பதினைந்து மீற்றர் ஆழத்துக்குத் தூண்டிலை இறக்கி அதைத் தேட வேண்டும். மேலும் அந்தப் பூங்காவுக்குள் உயிருள்ள இரைமீன்களைக் கொண்டுபோகவே கூடாது. ஆறு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் ஒன்றும் படாமல் கனூவில் அசையாது இருக்குமா என்பதைப் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். மே மாதத்தில் அங்கே போங்கள், ட்ரௌட் மேலே நிற்கும். ஆனால் அப்போது கறுப்பு ஈக்கள் உங்களைப் பிடிக்கும்.

பீற்றர்பரோவாசி (ஏப்ரல் 11)

கவார்த்தாவைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லாததால் நான் சொல்கிறேன். பெரிய பிக்கரல் என்று தேடாமல், பிள்ளைகளுக்கு மீன் பட வேண்டும், அப்பாவுக்கு அலைச்சல் கூடாது என்று பார்த்தால் கவார்த்தா ஏரிகளுக்கு ஈடில்லை. பாஸ், பேர்ச், சன்ஃபிஷ் எல்லாம் துறையடியிலேயே நிற்கும், மஸ்கியும் உண்டு.

மீன் படாத நாளுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள டிரென்ரனிலிருந்து ஜோர்ஜியன் குடா வரை 386 கிலோமீற்றர் நீளும் டிரென்ட்–செவர்ன் நீர்வழி இந்த ஏரிகளின் ஊடாகத்தான் போகிறது. பீற்றர்பரோவில் 1904-இல் திறக்கப்பட்ட படகு ஏற்றி இன்றும் இயங்குகிறது. தராசுத் தட்டுகள்போல் இரண்டு பெரும் நீர்த்தொட்டிகள் உண்டு. மேலே நிற்கும் தொட்டிக்குள் சுமார் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கூடுதல் நீரை விடுகிறார்கள், அந்தப் பாரத்தால் அது இறங்கும்போது மற்றத் தொட்டி படகுகளோடு 19.8 மீற்றர் மேலெழுகிறது. ஏற்றுவதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. படகு எவ்வளவு பாரமானாலும் அதன் பாரத்துக்குச் சமமான நீர் ஏற்கெனவே தொட்டியைவிட்டு விலகியிருக்கும் என்பதால் தராசு குலைவதுமில்லை. உங்கள் பதினொரு வயதுக்காரர் இதைப் புரிந்துகொண்டு அப்பப்பாவுக்கு விளக்கினாலே வாடகைக் காசு செரித்துவிடும்.

வடக்குவாசல் (ஏப்ரல் 14)

அனைவருக்கும் நன்றி. நிப்பிசிங் உரிமையாளரை அழைத்துக் கேட்டேன். துறை வடகிழக்கைப் பார்க்கிறதாம், இரண்டு தீவுகளுக்குப் பின்னால், ஏரியின் தெற்குப் பக்கத்துக் குடா ஒன்றுக்குள் இருக்கிறதாம். மனைவி ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டார். போகும் வழியில் ஹன்ட்ஸ்வில்லில் சாப்பாட்டுக்கு நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

அடுத்த கேள்வி சட்டம் பற்றியது. யார் யாருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்? 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேவையில்லை என்று கேள்விப்பட்டதால் அப்பாவுக்கு எடுக்காமல் விடலாமா? படகை யார் ஓட்டலாம்?

தாளும்பேனையும் (ஏப்ரல் 14)

இதில்தான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர்களும் அனுமதிப்பத்திரம் வாங்காமல் மீன்பிடிக்கலாம் என்பது கனடாவில் வசிப்பவர்களுக்கான சலுகை. அவர்களும் பெயரும் பிறந்த தேதியும் உள்ள அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வருகையாளராக வரும் உங்கள் அப்பாவுக்கு 71 ஆனாலும் 91 ஆனாலும் அந்தச் சலுகை இல்லை. கனடாவில் வசிக்காதவருக்கான அனுமதிப்பத்திரத்தை அவர் பெயரில் எடுக்க வேண்டும். ஜூலை தொடக்கத்தில் வரும் குடும்ப மீன்பிடி வாரத்தில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பார்கள், அதுவும் கனேடியக் குடியிருப்பாளர்களுக்குத்தான். நீங்களும் உங்கள் மனைவியும் அவுட்டோர்ஸ் அட்டையோடு (அனுமதி எடுக்கத் தேவையான மாகாண அட்டை) ஒன்றில் விளையாட்டு அனுமதியை, அல்லது குறைந்த மீன்களுக்கான பாதுகாப்பு அனுமதியை எடுக்கலாம். வாரத்துக்கு நாலு மீன் தின்னும் குடும்பத்துக்கு இரண்டாவதே போதும், மலிவும்கூட.

மாகாணம் 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நிப்பிசிங் 11-ஆம் வலயத்தில் வருகிறது. வலயத்தின் பொது விதியைப் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அதே பக்கத்தில் விதிவிலக்கான ஏரிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும், நிப்பிசிங் பிக்கரலுக்கு எண்ணிக்கையும் அளவும் அங்கே தனியாகத் தரப்பட்டிருக்கும். புறப்படும் வாரத்தில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரே தூண்டில்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அப்பா இரண்டை ஊன்றிவிட்டு உட்காரப் பார்ப்பார்.

படகுக்கு வருவோம். கனடாவில் 2009 செப்டம்பர் 15 முதல் மோட்டார் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் எவரும் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். வாடகைப் படகுக்கு, உரிமையாளர் தரும் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட்டால் அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே சான்றாகும். என்னைக் கேட்டால் பரீட்சை எழுதித் தகுதிச் சான்று அட்டையை எடுத்துவிடுங்கள். சிவப்பு, பச்சை மிதவைகளில் எதை எந்தப் பக்கம் விட்டுப் போவது என்று தெரியாமல் பாறையில் மோட்டாரை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். 12 வயதுக்குக் குறைந்தவர் பெரியவர் துணையின்றி ஓட்டுவதானால் 10 குதிரைவலுவுக்கு மேல் கூடாது; 12 முதல் 16 வயதுக்குள் 40 வரை போகலாம். உங்கள் 9.9 மோட்டாரைப் பதினொரு வயதுப் பிள்ளைகூடச் சட்டப்படி தனியாக ஓட்டலாம், அட்டை இருந்தால். விடுவதா என்பது வேறு விஷயம். நான் விடமாட்டேன்.

கனூவில்நால்வர் (ஏப்ரல் 16)

மூன்று கோடைகள் பிள்ளைகளோடு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அணிந்திருக்க வேண்டும் என்பது என் சட்டம். ஒருமுறை நாங்கள் எடுத்த கொட்டேஜில் "எல்லா அளவிலும் அங்கிகள் உண்டு" என்று சொல்லிவிட்டு, போய்ப் பார்த்தால் பெரியவர்களுக்கான பூசணம் பிடித்த ஐந்து மட்டும் தொங்கின. அன்றிலிருந்து சின்னவர்களுக்கு நாங்களே கொண்டுபோகிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கழுத்துப் பட்டையும் கால்களுக்கிடையே வாரும் உள்ளதாக வாங்குங்கள். அணிவித்துத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அது பெரியது.

வாடகைப் படகின் மோட்டாரில் சுருள்சுருளாக ஒரு சிவப்பு நாடா இருக்கும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் அது கழன்று மோட்டாரை நிறுத்திவிடும். பெரும்பாலானோர் அதை மோட்டாரிலேயே சுற்றிவிட்டு ஓட்டுகிறார்கள், அப்போது அது வெறும் அலங்காரம். மணிக்கட்டிலோ அங்கியிலோ மாட்டிக்கொள்ளுங்கள்.

பூச்சிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கறுப்பு ஈக்கள் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரைதான் உச்சம். ஆகஸ்டில் மாலை நுளம்புகளோடு முடிந்துவிடும்.

வடக்குவாசல் (ஜூலை 20)

அப்பா வந்துவிட்டார், அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று, நான் பரீட்சை எழுதி அட்டையும் பெற்றுவிட்டேன். இனி மீனைப் பிடிப்பது எப்படி என்று சொல்லுங்கள். கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கத் தூண்டில் சாமான்கள். எதை எடுப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

கரையோரக்காரன் (ஜூலை 20)

திரும்பியது நல்லதாயிற்று. அந்தச் சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி மீனைப் பிடிக்க அல்ல, மீன் பிடிப்பவரைப் பிடிக்க.

பிள்ளைகளுக்கு: ஆறு றாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றிய குட்டைக் கம்பு, பெருவிரல் நகத்தளவு தக்கை, மிகச் சிறிய முள், ஈயமில்லாத ஒரு சிறு குண்டு, மண்புழு. இவ்வளவுதான். ஈயக்குண்டு ஏன் வேண்டாமென்றால், லூன் பறவை இரை செரிப்பதற்காக விழுங்கும் கூழாங்கற்களோடு அதையும் விழுங்கிவிடுகிறது, ஒரே ஒரு குண்டு அதைக் கொல்லப் போதும். தகரத்திலும் டங்ஸ்டனிலும் கிடைக்கிறது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டும் கொளுக்கியைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்து எடுப்பது இலகு, பிள்ளையின் விரலிலிருந்து எடுப்பது அதைவிட இலகு.

முழுப் புழுவைக் கோர்க்காதீர்கள். கால்வாசியைக் கிள்ளி முள்ளை மறைத்தால் போதும். நீளமாகத் தொங்கினால் சன்ஃபிஷ் நுனியை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். துறைக்கு வெளியே தூர எறிய வேண்டாம், துறையின் நிழல் விழும் இடத்தில் ஒரு மீற்றர் ஆழத்தில் இறக்குங்கள். குப்புறப் படுத்துப் பலகை இடுக்கால் பார்த்தால் மணலில் சோற்றுத் தட்டம்போல் வட்ட வட்டமாகப் பெருக்கிவிட்ட பள்ளங்கள் தெரியலாம்; ஆண் சன்ஃபிஷ் வாலால் விசிறி அமைத்த கூடுகள் அவை. கோடை முற்பகுதியில் முட்டைகளுக்கு மேல் நின்று உங்கள் கால்விரலைக்கூடக் கொத்த வரும். அந்தக் கூட்டில் இருந்து காவல் நிற்கும் மீனைப் பிடிக்காமல் பக்கத்தில் போடுங்கள்.

பெரியவர்களுக்கு: பிக்கரலின் கண்ணைப் பார்த்திருப்பீர்கள், பால் கலந்த கண்ணாடிக் குண்டுபோல் இருக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கலில் அதற்குத் தெரிவது இரைமீனுக்குத் தெரியாது. பொழுது சாயும் நேரமும், முகில் மூடிச் சிற்றலை அடிக்கும் நேரமும் அதன் வேட்டை நேரம். நண்பகலில் படகில் போய் வெயிலில் காய்வதைவிட, அந்த நேரத்தில் எல்லோரையும் குளிக்க விட்டு, மாலை ஏழு மணிக்குப் புறப்படுங்கள். கரைக்குத் திரும்பும் வழியை வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், படகின் விளக்குகளையும் சோதித்துவிடுங்கள்.

பைக் பட்டால் அதன் வாய்க்குள் விரலை விடாதீர்கள். முள்ளுக்கும் தங்கூசிக்கும் இடையே கட்டும் கம்பித் தலைப்பு ஒன்றிரண்டும் வைத்திருங்கள். வெறும் தங்கூசியை அது சவரக்கத்தி போல அறுத்துவிடும்.

தாளும்பேனையும் (ஜூலை 21)

இரையைப் பற்றி இரண்டு வரி. 2022 முதல் மாகாணம் நான்கு இரை மேலாண்மை வலயங்களாக உள்ளது. இரைமீனையும் இரைக்கான அட்டைப்பூச்சியையும் ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. ரொறன்ரோவில் வாங்காமல் அங்கே போய் வாங்கி, ரசீதை வைத்திருங்கள். மிஞ்சியதை நீரிலோ நீரிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டக் கூடாது. புழுவையும் காட்டில் கொட்ட வேண்டாம். பனிப்பாறைகள் மூடிக் கிடந்த அந்த நிலத்தில் மண்புழு இயல்பாக இருந்ததே இல்லை, அது போய்ச் சேர்ந்த காட்டில் இலைச்சருகு மெத்தை காணாமல் போகிறது.

பெருவலை (ஜூலை 21)

இவ்வளவு கட்டுப்பாடுகளைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். காசு கொடுத்து அனுமதி எடுத்து, 350 கிலோமீற்றர் ஓடி, ஒரு நல்ல பெரிய மீனைப் பிடித்தபின் அளவு விதிக்குள் வராவிட்டால் அதைத் திரும்ப விட வேண்டும் என்பதில் என்ன நியாயம்? மீனைச் சாப்பிடத்தான் பிடிக்கிறோம். வாயில் முள்ளேற்றி இழுத்துவிட்டுப் படமெடுத்து விடுவதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

கரையோரக்காரன் (ஜூலை 21)

பெருவலை கேட்பது நேர்மையான கேள்விதான். விளையாட்டுக்காக நாள் முழுதும் பிடித்துப் பிடித்து விடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. சாப்பிடப் போதுமானது கிடைத்ததும் கம்பை வைத்துவிடுவேன். ஆனால் பெரிய மீனையே வைத்துச் சின்னதை விட வேண்டும் என்று நினைப்பதுதான் தலைகீழ். மிகப் பெரிய பிக்கரல் பெரும்பாலும் பெண். அதன் வயிற்றில் உள்ள முட்டை சின்னதன் முட்டையைவிடப் பன்மடங்கு. வடக்கின் குறுகிய கோடையில் அது அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் எடுத்திருக்கும்.

சாப்பாட்டு நியாயமும் அதே பக்கம்தான். பாதரசம் சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறி ஏறிச் சேர்கிறது. எவ்வளவு வயதான கொன்றுதின்னியோ அவ்வளவு பாதரசம். தோலை உரித்தாலும் கொழுப்பை வெட்டினாலும் போகாது, அது தசையில் இருக்கிறது. மாகாண அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரி ஏரியாக, மீன் மீனாக, நீளத்துக்கு நீளம் மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்று போட்டிருக்கிறார்கள். சிறுவர்களுக்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் தனி வரிசை. அந்த வரிசையில் நீளம் கூடக் கூட எண் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். பொரியலுக்கு ருசியும் சின்னதில்தான்.

பெருவலை (ஜூலை 22)

பாதரசம் சரி. முட்டை விஷயத்தில் அளவு விதி எழுதியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விதி அனுமதித்தால் நான் வைத்துக்கொள்வேன்.

வடக்குவாசல் (ஆகஸ்ட் 13)

திரும்பி வந்து நான்கு நாட்களாகின்றன. வாக்களித்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் மாலையே அப்பா என்னை ஏமாற்றினார். அவருக்கென்று வாங்கிய கம்பையும் ரீலையும் இரண்டு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்ன மகளிடம் கொடுத்துவிட்டார். கொட்டேஜின் குப்பைக் கூடையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் போத்தலை எடுத்துக் கழுவி, அதில் தங்கூசியைச் சுற்றிக்கொண்டு துறையின் விளிம்பில் உட்கார்ந்தார். நுனியை எறிந்துவிட்டு, தங்கூசியைச் சுட்டுவிரலின் முதல் ரேகையில் படியவிட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் தக்கையை உற்றுப் பார்த்து ஒன்று பிடிப்பதற்குள் அவர் மூன்று பேர்ச் எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் மூத்தவனும் தன் கம்பை வைத்துவிட்டு ஒரு போத்தல் தேடிக்கொண்டான்.

சின்னவளுக்குப் பட்ட முதல் மீன் உள்ளங்கை அளவான ஒரு சன்ஃபிஷ். பூசணி விதை என்று அதற்குப் பெயராம். கன்னத்தில் நீல வரிகள், வயிறு தோடம்பழ நிறம், செவுள் மூடியின் கடைசியில் குங்குமம் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் படமெடுக்க நான் தொலைபேசியைத் தேடுவதற்குள் அவள் அதற்குப் பெயர் வைத்து நீரில் விட்டுவிட்டாள். பிறகு பட்ட எல்லாமே அவளுக்கு அதே மீன்தான்.

செவ்வாய்க்கிழமை கரையோரக்காரன் அண்ணா சொன்னது நடந்தது. காலை ஒன்பது மணிக்கு நானும் இரண்டு மூத்த பிள்ளைகளும் இரண்டாவது தீவு வரை போனோம். பத்தரைக்குத் திரும்பப் பார்த்தால் தீவின் முனைக்கு அப்பால் நீர் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. தீவுக்கும் எங்கள் குடாவுக்கும் இடையே உள்ள திறந்த நீர் எண்ணூறு மீற்றர் இருக்குமா? பாதி தூரம் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முனையைக் கடந்ததும் முதல் அலை அணியத்தைத் தூக்கிப் போட்ட சத்தத்தில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் படகைத் திருப்பிவிட்டேன். தீவின் மறைவில் கற்கரையில் ஏற்றி நங்கூரத்தைக் கல்லிடுக்கில் மாட்டிவிட்டு மூன்று மணி நேரம் இருந்தோம். கைவசம் ஒரு பொதி பிஸ்கட்டும் புழுப் பெட்டியும்தான். மனைவிக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. மறுமொழி வந்து சேரவில்லை என்பது நல்லதாகவும் இருக்கலாம்.

வியாழன் மாலை அப்பாவைப் படகில் ஏற்றினேன். முகில் மூட்டம், மெல்லிய சிற்றலை, கிட்டத்தட்ட மூன்று மீற்றர் ஆழத்தில் பாறையும் செடியும் சந்திக்கும் ஓரிடம். எட்டரை மணியளவில் அவருடைய விரல் மடங்கியது. சன்ஃபிஷ் போல் துடிக்கவில்லை, பைக் போல் இழுத்தோடவும் இல்லை. கனமாகத் தலையை ஆட்டி ஆட்டி அடிக்குப் போக முயன்றது. அவர் அவசரப்படாமல் ஒரு சாண் விட்டு இரண்டு சாண் எடுத்து, கைவலைக்குள் கொண்டுவந்தார். பொன்னிறமும் பச்சையுமாகப் பிக்கரல். விளக்கை அடித்தபோது கண் இரண்டும் வெள்ளிக் காசுபோல் மின்னின. அளவு நாடாவில் வைத்தேன். அச்செடுத்த தாளைப் பார்த்தேன். அந்த அளவு மீனை வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை.

அப்பாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "யார் பார்க்கிறார்கள்?" என்று அவர் கேட்கவில்லை. "இவ்வளவு நல்ல மீனையா?" என்று மட்டும் கேட்டார். நான் பாதரசத்தையும் முட்டையையும் பற்றி ஏதோ சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கையை நீரில் நனைத்துக்கொண்டு, மீனின் வயிற்றடியில் ஒரு கையும் வாலடியில் ஒரு கையுமாகப் பிடித்து நீருக்குள் வைத்தார். அது உடனே போகவில்லை. செவுள் நாலைந்து முறை திறந்து மூடியபின் ஒரே உதறலில் போனது, அவருடைய சட்டை முழுதும் நனைந்தது. துறைக்குத் திரும்பும்வரை அவர் பேசவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பி, அதே இடத்துக்குப் போகலாம் என்றார்.

வெள்ளி அன்று அனுமதிக்கப்பட்ட அளவில் ஒரு பிக்கரலும் சில பேர்ச்சும் கிடைத்தன. அங்கேயே பொரித்து முடித்துவிட்டதால் வீட்டுக்குக் கொண்டுவரும் மீன் எந்த இனம் என்று தெரியும்படி தோல் துண்டை விட்டுவைத்துப் பொதிசெய்யும் சிக்கல் எங்களுக்கு எழவில்லை. கவார்த்தாவுக்கே போயிருக்கலாம் என்று மனைவி ஒரே ஒருமுறைதான் சொன்னார், செவ்வாய்க்கிழமை.

கனூவில்நால்வர் (ஆகஸ்ட் 13)

மூன்று மணி நேரம் தீவில் இருந்ததற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். அடுத்தமுறை குடிநீரும் ஒரு போர்வையும் படகிலேயே கிடக்கட்டும். கையால் தங்கூசி பிடிப்பதற்கு அனுமதி உண்டா என்று யாராவது கேட்டார்களா?

தாளும்பேனையும் (ஆகஸ்ட் 13)

உண்டு. கையில் பிடித்தாலும் கம்பில் கட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு தூண்டில்தான். ஒன்றுக்கு மேல் பிடித்தால்தான் தவறு.

கரையோரக்காரன் (ஆகஸ்ட் 14)

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அப்பா முள்ளை எந்த முடிச்சால் கட்டுகிறார்? பிக்கரல் அவ்வளவு நேரம் தலையை ஆட்டியும் கழலவில்லையே.

வடக்குவாசல் (ஆகஸ்ட் 14)

பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, தன்மேலேயே ஆறு முறை முறுக்கி, நுனியைத் திருப்பிக் கண்ணருகே உள்ள சின்ன வளையத்துக்குள் நுழைத்து, இறுக்கும் முன் வாயில் வைத்து எச்சிலால் நனைக்கிறார். காய்ந்தபடி இறுக்கினால் தங்கூசி சூடேறி வலுவிழக்கும் என்கிறார்.

கரையோரக்காரன் (ஆகஸ்ட் 14)

இங்கே கடையில் கிளிஞ்ச் முடிச்சு என்று படம் போட்டு விற்கிறார்களே, அதேதான். நான் ஐந்து முறைதான் முறுக்குவேன்.

வடக்குவாசல் (ஆகஸ்ட் 14)

ஆறு என்று சொல்லச் சொன்னார்.